டீச்சரின் ஜெப நோட்டு

12 அக்டோபர் 2025

அன்புள்ள நண்பா,

முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரை ஓரமாய் வைத்துவிட்டு நடக்கிறாய் என்று உன் மகன் சொன்னான். சந்தோஷம். அதற்காக டோம்பிவிலி ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிக் காட்டவேண்டாம். பிசியோதெரபிக்காரர் சொல்வதைக் கேள்.

அம்மா போன அன்று போனில் உன்னிடம் ஒழுங்காய்ப் பேச முடியவில்லை. பின்னால் பந்தல்காரன், ஐஸ் பெட்டிக்காரன், சொந்தக்காரர் சத்தம். நீயும் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாய். இப்போது வீடு அடங்கிவிட்டது. தங்கச்சி மெல்போர்ன் திரும்பிவிட்டாள், தம்பி பெங்களூர் போய்விட்டான், பிள்ளைகள் துபாய்க்கும் சென்னைக்குமாய்ப் பிரிந்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ நாலு வரிக்கு மேல் படிக்கமாட்டாய். அதனால்தான் தாள்.

அம்மாவுக்கு 94 வயது முடிந்திருந்தது. சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. காது மட்டும் போயிருந்தது. ஆடிக்காற்று ஓய்கிற சமயத்தில் சாப்பாட்டைக் குறைத்தாள், அப்புறம் கஞ்சி, அப்புறம் வெறும் தண்ணீர். எங்கள் சபைப் போதகர், அதாவது ஐயர், வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்தார். அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்து நாக்கில் வைத்தார். "ஆமென்" தெளிவாக வந்தது. அதற்குப் பிறகு எங்களிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "பால்காரனுக்கு இந்த மாசம் குடுத்தாச்சா?" மறுநாள் விடியுமுன்னே போய்விட்டாள். அவள் தினமும் ஜெபத்துக்கு எழும்புகிற நேரம் அது. தங்கச்சி அதை ஒரு அடையாளமாக எல்லோரிடமும் சொல்கிறாள். நான் தற்செயல் என்று நினைக்கிறேன், ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

அடக்க ஆராதனைக்கு அம்மா ஒரு தாள் எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். கரும்பலகையில் எழுதின அதே உருண்டை எழுத்து. எந்தச் சேலை, எந்த மூன்று பாட்டு, கல்லறையில் சிமெண்டு மேடை வேண்டாம், பேண்டு வேண்டாம், பிளெக்ஸ் வேண்டாம், வந்தவர்களுக்குச் சுக்குக்காப்பி கொடுக்கவேண்டும், பிரசங்கம் பத்து நிமிஷம், அதில் என்னைப் புகழக்கூடாது. பெட்டிக்கும் குழி வெட்டுகிறவர்களுக்குமான பணம் ஒரு கைக்குட்டையில் முடிந்திருந்தது. எங்கள் ஐயர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார், பாவம். ஆனால் பக்கத்துச் சபைச் சேகரங்களிலிருந்து வந்திருந்த ஐயர்மார் ஒவ்வொருவரும் "ரெண்டே வார்த்தை" பேசினார்கள். பிளெக்ஸ் தெருப் பையன்கள் எங்களைக் கேட்காமலே வைத்துவிட்டார்கள். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போட்டு, கீழே பையன்களின் படம் அம்மா படத்தைவிடப் பெரிதாக இருந்தது. பார்த்திருந்தால் சாக்பீஸை எடுத்து எறிந்திருப்பாள்.

நீ அவளை டீச்சர் என்றேதான் கடைசிவரை கூப்பிட்டாய். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். மூன்றாங்கிளாஸில் அவளிடம் அடிவாங்கின கதையைச் சொல்லிச் சிரிப்பாய். ஆனால் அதற்கு முந்தின கதை உனக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்கே அவள் தொண்ணூறு தாண்டின பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

1931-ல் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டு ஊரில் பிறந்தவள். தாத்தா பனையேறி. ஆச்சி அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறவள். காதில் பாம்படம் தோள்வரை தொங்குமாம், நான் பார்த்தது கிடையாது. அந்த ஆச்சி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மர்காசிஸ் என்கிற மிஷனரி ஐயரைப் பார்த்திருக்கிறாள். அவர் 1876-ல் நாசரேத் வந்து 1908-ல் அங்கேயே இறந்துபோனவர். பொம்பளைப் பிள்ளையைப் படிக்கவைக்கவேண்டும் என்கிற பிடிவாதம் எங்கள் வீட்டுக்கு அந்த வழியாய் வந்தது. பெரியம்மா ஒருத்தி இடையன்குடியில் லேஸ் பின்னினவள். கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மா அந்த ஊரில் தொடங்கிவைத்த லேஸ் அது. அந்த லேஸ் காசில்தான் அம்மா நாசரேத் போர்டிங்கில் சேர்ந்தாள். அங்கிருந்து டீச்சர் டிரெயினிங்.

கல்யாணம் மெஞ்ஞானபுரம் பக்கம். இங்கேதான் வேடிக்கை. அம்மா பிறந்தது எஸ்.பி.ஜி. மிஷன் ஊர், வாழ்க்கைப்பட்டது சி.எம்.எஸ். ஊர். இரண்டும் இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சபையின் மிஷன் சங்கங்கள்தான். 1896-லேயே ஒரே பிஷப்பின் கீழ் ஒரே அத்தியட்சாதீனம் ஆகிவிட்டன. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உண்டானபோது மெதடிஸ்டுகள்கூட வந்து சேர்ந்தாயிற்று. ஆனால் எங்கள் அடுக்களையில் 1951-லும் ஐக்கியம் வரவில்லை. எஸ்.பி.ஜி. ஆட்களுக்கு ஆல்டரில் மெழுகுவர்த்தி வேண்டும், சிலுவை வேண்டும், இயேசுவின் நாமம் வரும்போது தலை குனியவேண்டும். சி.எம்.எஸ். ஆட்களுக்கு அதெல்லாம் ரோமாபுரி வாடை. "நாசரேத்துக்காரி குனிஞ்சு குனிஞ்சு கும்பிடுதா" என்று அப்பாவின் அம்மா சாடை பேசுவாள். ஜான் தாமஸ் ஐயர் கட்டின கோயிலில் கோபுரம் 192 அடி என்று அவளுக்குப் பெருமை வேறு. "கோபுரம் உசந்தா போதுமா, உள்ள ஒரு மெழுகுவர்த்திக்கு வழியில்லயே" என்று அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்வாளாம். மாமியார் இறந்து அரை நூற்றாண்டு ஆகியும் அம்மா தலை குனிவதை விடவில்லை.

எங்கள் திருச்சபை நடத்தின டி.டி.டி.ஏ. பள்ளிக்கூடத்தில் நம் இரண்டு பேருக்கும் அவள்தான் மூன்றாங்கிளாஸ். மதியச் சாப்பாடு ஞாபகம் இருக்கிறதா? காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த திட்டம் நம் ஊருக்கும் வந்து, வேப்பமரத்தடியில் வரிசையாய் உட்காருவோம். அலுமினியத் தட்டு. அம்மா கையில் பிரம்பும் சாம்பார்க் கரண்டியும். ஜெபம் முடியுமுன் தட்டில் கை வைத்தால் பிரம்பு. நீ சுடலைமாடன் கோயில் திருநீற்றோடு கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" சொல்வாய். உன் அம்மா ஒருநாள் வந்து, "எம் பிள்ளய வேதத்துல சேத்துருவியளோ?" என்று கேட்டதும், "சோத்துக்கு முந்தி ஒரு நிமிசம் சும்மா இருக்கச் சொல்லுதேன், அவ்வளவுதான்" என்று அம்மா சொன்னதும் எனக்கு நன்றாய் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக் கோயில் கொடைத் திருவிழாவில் சர்க்கரைப்பொங்கல் எங்களுக்கு வரும். அம்மா வாங்கிக்கொள்வாள், சாப்பிடமாட்டாள். நாங்கள் சாப்பிடுவதைத் தடுக்கவும் மாட்டாள்.

அப்பா 1969-ல் போனார். நாங்கள் மூன்று பேரும் படித்துக்கொண்டிருந்தோம். சம்பளம் வாங்கின அன்று இரவு அவள் செய்கிற முதல் வேலை தசமபாகத்தை, ஆண்டவருக்கான பத்தில் ஒரு பங்கை, எண்ணிப் பழைய கவரில் போடுவது. அப்புறம்தான் அரிசிக்கடை பாக்கி. நான் பாளையங்கோட்டையில் காலேஜ் பீஸ் கட்டவேண்டிய ஒரு மாதம் பணம் இல்லை. கவர் மேஜைமேல் இருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கழுத்துச் செயினைக் கழற்றி, கொக்கியைப் பல்லால் கடித்து நேராக்கி, "இத வச்சுட்டு வா" என்றாள். "அந்தக் கவரை எடுத்துட்டு அடுத்த மாசம் போட்டாப் போதாதா?" என்று கேட்டேன். "ஆண்டவர் காசுல கைமாத்து வாங்கிப் படிச்சா அந்தப் படிப்பு வெளங்குமாக்கும்!" அந்தச் செயின் திரும்பி வரவேயில்லை. எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. இன்றைக்கும் அவள் செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று மட்டும் சொல்வேன்.

கைப்பிடி அரிசியும் அப்படித்தான். ஒவ்வொரு வேளைக்கும் உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பக்கத்து டின்னில் போடுவாள். 1903-ல், பின்னாளில் பிஷப் ஆன அசரியா முதலானவர்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்து, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியபோது, அதைத் தாங்கினது நம் பக்கத்துக் காணிக்கைதான். காசு கண்ணில் படாத பொம்பளைகள் அரிசியாய்க் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் டின்னோடு கோயிலுக்குப் போய்க் கொட்டிவிட்டு வருவாள். பெங்களூரில் தம்பி வீட்டில் ஆறுமாதம் இருந்தபோதும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அங்கே வாங்கிக்கொள்ள யார்? தம்பி பெண்டாட்டி சிரித்திருக்கிறாள். பாட்டில் நிறைந்ததும் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடியும் முதல் பிடியிலிருந்து ஆரம்பித்தாள்.

இனி நோட்டு விஷயம். பெட்டியைத் திறந்தபோது அடியில் கட்டுக்கட்டாய் நோட்டுகள். வருகைப் பதிவேடு மாதிரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் வரிசை எண், பெயர், அப்புறம் தேதிக் கட்டங்கள், கடைசியில் "காரியம்" என்று ஒரு கட்டம். ஜெபித்த நாளுக்கு டிக். காய்ச்சலில் படுத்த நாளுக்கு "வி", அதாவது விடுப்பு. காரியம் முடிந்தால் சிவப்பு மையில் ஒரு சின்னச் சிலுவை. ஆள் இறந்துபோனால் பெயர்மேல் கோடு. செத்தவர்களுக்கு ஜெபிப்பது நம் சபையில் கிடையாது என்பதில் அவள் கறார். அப்பா பெயர்மேலும் ஸ்கேல் வைத்துத்தான் கோடு இழுத்திருக்கிறாள், தேதி போட்டு. நாங்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஐயர்மார், பழைய மாணவர்கள், பஸ் கண்டக்டர் ஒருத்தர், கலெக்டர் பதவியின் பேரில் ஒரு வரி. அவள் பக்தியை நான் ஏதோ மன உருக்கம் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு ஆபீஸ் வேலை என்று தெரியாது.

ஒரு பெயர் என்னை உட்காரவைத்துவிட்டது. தம்பி 1988-ல் ஒரு பெண்ணை விரும்பினான் என்று உனக்கு எழுதியிருந்தேன். அவனோடு வேலை பார்த்தவள். சி.எஸ்.ஐ. பெண்தான், நல்ல பெண், பாட்டுக்குழுவில் ஆல்ட்டோ பாடுவாள். ஆனால் வேறு சாதி. அம்மா ஒரே வார்த்தையில் மறித்துவிட்டாள். "நம்ம ஆளுக இல்லையே." கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் படித்துக்கொடுத்தவள் அவள்தான். நான் அதைச் சொல்லி நேரிலேயே கேட்டேன். "அது கோயில்ல. கலியாணம் ஊருக்குள்ள நடக்கு" என்றாள். தம்பி தாங்கமாட்டாமல் விட்டுக்கொடுத்தான். அந்தப் பெண் பிறகு வேறு ஊரில் தலைமை ஆசிரியை ஆனாள் என்று கேள்வி.

அந்தப் பெண்ணின் பெயர் 1988 நோட்டில் இருக்கிறது. 89-லும் இருக்கிறது. கடைசி நோட்டுவரை எல்லா வருஷமும், விடாமல், எங்கள் பெயர்களுக்கு அடுத்த வரியிலேயே. நாள் தவறாமல் டிக். "காரியம்" கட்டம் மட்டும் எல்லா வருஷமும் காலி. சிவப்புச் சிலுவையும் கிடையாது. என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பாய் இருக்கலாம். அந்தப் பெண் நன்றாய் இருக்கட்டும் என்பதாய் இருக்கலாம். தம்பியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு எழும்பி வாசலுக்குப் போய்விட்டான். அவன் சொல்வதுதான் நியாயம். ஆண்டவரிடம் முப்பத்தேழு வருஷம் பேசினவளுக்கு மகனிடம் பேச வாய் வரவில்லை.

பேரப்பிள்ளைகளிடம் அவள் வேறு ஆள். சங்கீதம் மனப்பாடம் சொன்னால் காசு. சின்னதுக்கு ரெண்டு ரூபாய், 91-க்கு அஞ்சு ரூபாய், 119-க்கு நூறு ரூபாய் என்று விலைப்பட்டியல் வைத்திருந்தாள். 176 வசனம், யார் படிப்பார்கள்? தங்கச்சியின் மூத்தவள் படித்து நூறு ரூபாயை வாங்கிவிட்டாள். அவள் இப்போது மெல்போர்னில் கோயில் பக்கமே போவதில்லை, போன வருஷம் வந்தபோது அம்மாவிடமே "எனக்கு நம்பிக்கை இல்ல ஆச்சி" என்று சொல்லிவிட்டாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மா, "சரி. சாப்ட்டியா?" என்றாள். அந்தப் பிள்ளைதான் அடக்கத்தில் பாட்டுப் புத்தகம் பார்க்காமல் எல்லாச் சரணமும் பாடினாள். அதை வைத்து அவள் மனம் திரும்பிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை, ஆச்சிக்காகப் பாடினாள்.

காது போன பிறகு ஒரு கூத்து நடந்தது. வாழ்நாள் முழுக்க உதடு மட்டும் அசையும்படி ஜெபித்தவள். பக்கத்து வீட்டுப் பெந்தெகொஸ்தேக்காரர்களைப் பார்த்து, "கர்த்தருக்குச் செவிடா?" என்று கேட்டவள். அவளுக்கே காது கேட்காமல் போனதும் சத்தம் தானாய் உயர்ந்துவிட்டது. விடியற்காலையில் தெரு முழுக்கக் கேட்கும். மருமகளுடைய தைராய்டு, மாமா மகனின் லோன், எதிர்வீட்டுப் பையனுடைய அரியர்ஸ் எல்லாம் பெயர் சொல்லி வரும். எதிர்வீட்டம்மா வந்து கெஞ்சினாள். அம்மாவிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது? கடைசியில் ஜன்னலைச் சாத்தினோம்.

கொரோனா வருஷத்தில் கோயில் பூட்டியிருந்தது. 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். வெள்ளைச்சேலை கட்டி, முக்காடு போட்டு, போனுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். விசுவாசப்பிரமாணத்துக்கு எழும்பி நின்றாள். நெட் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. ஆராதனை முறைமை முழுக்க மனப்பாடம், ஐயர் பகுதியையும் சபை பகுதியையும் தானே சொல்லிக்கொண்டு போய், பிஷப் ஆசீர்வாதம் சொல்ல மீண்டும் திரையில் வந்தபோது அவள் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

2023 டிசம்பர் வெள்ளத்தை டிவியில் பார்த்துத் துடித்துப்போனாய், எங்களுக்குப் போன் கிடைக்கவில்லை என்று சொன்னாய். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டினது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் ஆட்களோடு நின்றுபோனது. நம் தெருவில் இடுப்பளவு. பக்கத்துப் பையன்கள் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிவீட்டுக்குக் கொண்டுபோனார்கள். "பாட்டி, பைபிள எடுத்துக்கிடவா?" என்று ஒருத்தன் அவள் காதருகே கத்தினான். "அது மனப்பாடம்லே, மாத்திரைப் பெட்டிய எடு. அதுதான் பேரு தெரியாது" என்றாள். நோட்டுகள் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் தப்பித்தன.

நோட்டுகளை என்ன செய்வது என்று எங்களுக்குள் பேச்சு ஓடுகிறது. தங்கச்சி ஸ்கேன் செய்யவேண்டும் என்கிறாள். எத்தனை பேருடைய கடன், குடி, கர்ப்பம், வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது சரியில்லை என்று நான் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு என்னிடமே இருக்கட்டும் என்று முடிவு. தம்பி 1988-ஆம் வருஷ நோட்டை மட்டும் கேட்டான், கொடுத்துவிட்டேன்.

உன் வரிகளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ பம்பாய் ரயில் ஏறின வருஷத்திலிருந்து இருக்கிறாய். 1993 ஜனவரியில் "பம்பாய், கலவரம்" என்று எழுதி ஒரு நாளைக்கு இரண்டு டிக் போட்டிருக்கிறாள், மார்ச்சில் குண்டு வெடித்தபோதும் அப்படியே. உன் மகள் பிரசவத்துக்குச் சிவப்புச் சிலுவை இருக்கிறது. உன் முட்டுக்கும் ஜூலையில் ஒரு வரி இருக்கிறது, அது டிக் மட்டும்தான், முடிவு போட அவள் இருக்கவில்லை.

ஆனால் ஏல, 1985-ல் உன் பெயருக்கு எதிரே "கடன், வட்டிக்காரன், யாருக்கும் சொல்லக்கூடாது" என்று எழுதியிருக்கிறாளே, அது என்ன? எனக்கு எழுதின ஒரு கடிதத்திலும் நீ அதைச் சொல்லவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்கு வந்தாய், என்னோடு தேரிக்காட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசினாய், அப்போதும் சொல்லவில்லை. டீச்சரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அவளும் சொன்னபடியே எனக்குச் சொல்லாமல் போய்விட்டாள். எவ்வளவு பணம், எப்படி அடைத்தாய் என்று விவரமாய் எழுது. போனில் வேண்டாம்.

உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ தனியாக பார்சலில் வருகிறது. சுகருக்கு ஆகாது என்று உன் வீட்டம்மா ஒளித்துவைத்தால் நான் பொறுப்பல்ல.

உன்
பழைய பெஞ்சுக்காரன்